அப்பாவுக்கு அக்கி, நீ இப்போது வராதே

கயல் கண்ணுக்கு,

அப்பாவைப் பார்க்க இந்த வாரமே கிளம்பி வருகிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம்மா. வாயால் சொன்னால் சண்டைக்கு வருவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வந்திருப்பது அக்கி. முதலில் இடது விலாவில் எரிச்சலும் குத்தலும் மட்டும்தான் இருந்தது. வாய்வுப் பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்தார். நான் நெஞ்சுவலியோ என்று பயந்து ஈசிஜி எடுக்க வைத்தேன், அதில் ஒன்றுமில்லை. அப்புறம்தான் முதுகுத்தண்டிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. நடு நெஞ்சோடு நின்றுவிட்டது, வலது பக்கம் ஒரு பொட்டு இல்லை. சின்ன வயதில் போட்ட சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லையாம். நரம்பின் வேரில் ஒடுங்கிக் கிடந்து, வயசாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வருகிறது.

பக்கத்து வீட்டு அத்தை, வேளார் வீட்டில் அக்கி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். காவியைக் குழைத்துச் சிங்கம் வரைவார்களே, அதுதான். என் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காவிக்குக் கிருமி அடங்காது, உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். நரம்பு வலிக்குத் தனி மாத்திரை. ஃபேன் காற்று பட்டாலே துடிக்கிறார். சட்டை போட முடியாமல், பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மேலே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிலருக்குப் புண் ஆறியும் இந்த வலி மாதக்கணக்கில் நிற்குமாம். நல்லவேளை, முகத்தில் வரவில்லை. மூக்கு நுனியிலோ கண்ணோரமோ வந்திருந்தால் பார்வைக்கே ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும்.

இனி உன் விஷயம். அவரிடமிருந்து உனக்கு அக்கி ஒட்டாது, ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால் அம்மை போடாதவர்களுக்கு அம்மை வரும். அண்ணனுக்குப் போட்டிருந்தபோது உன்னைப் பாட்டி வீட்டில் விட்டிருந்தோம். உனக்கு இன்றுவரை போட்டதில்லை. மாசமாக இருக்கும்போது அம்மை வந்தால் நிமோனியா வரை இழுத்துவிடும், வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லதில்லை. எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டட்டும், அப்புறம் வா. அதற்குள் உன் டாக்டரிடம் கேட்டு, அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள். இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், இப்போது கூடாது.

அக்கிக்கென்றே ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023-லிருந்து நம் ஊரிலும் கிடைக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு 2 ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம் விட வேண்டும். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது, ஆனாலும் இவர் படும் பாட்டைப் பார்த்தபிறகு நான் போட்டுக்கொள்வதாக இருக்கிறேன். ஒருமுறை வந்தவர்களுக்கும் திரும்ப வரலாமாம், அதனால் புண் ஆறினதும் அவருக்கும்தான். பாதிப் பணம் அண்ணன் தருகிறான். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம், ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் போடு.

அம்மா