நெருக்கடியில் எனக்குச் சோறு போட்ட லயத்து மக்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

சிங்களம் கற்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனுக்கு வந்த மறைப்பணி மாணவி நான். 2022 பொருளாதார நெருக்கடியில், இங்கே லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் மக்கள் எனக்குச் செய்ததை எழுதியே ஆகவேண்டும். அந்த ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திவைத்தது, பால்மா, காஸ், மண்ணெண்ணெய் என்று எதைக் கேட்டாலும் வரிசை, அதற்குச் சற்று முன்னர் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போயிருந்தது. நாள் சம்பளம் 1000 ரூபாய், அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுதாகக் கைக்கு வரும் என்ற நிலையில் இருந்த லயத்து அக்காமார், கோதுமை மா விலை ஏறிய பிறகும் எனக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்பினார்கள், வேண்டாமென்றால் கோபித்துக்கொண்டார்கள். விறகும் அவர்கள் தந்ததுதான்.

சிங்களக் கடை முதலாளி ஒருவர் விலைப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி என் உச்சரிப்பைத் திருத்துவார், அதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை.

மே மாதம் தமிழ்நாட்டு அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்தன, சந்தோஷம்தான். ஆனால் கொடுத்தது நாம் மட்டும்தான் என்று எங்கள் ஊரில் யாராவது நினைத்தால், சரியில்லை. அதற்கு முன்பே மலையகம் எனக்குச் சோறு போட்டுவிட்டது.

சொந்தக் காணிக்காக இன்னும் காத்திருக்கும் இவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுதவேண்டும்.

நன்றியுடன்,
ஓர் அருட்சகோதரி, ஹட்டன்