பூமி சார்பாக யார் பேசுவது?

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். மாசி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அது ஒன்றுதான் குறை.

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது. "சண்டை போடுற நாடெல்லாம் ஒண்ணு சேரணும்னா வேற்றுக்கிரகத்துலேர்ந்து யாராவது வந்து இறங்கணும்மா" என்றாய். இதையேதான் 1987-இல் ஐ.நா. சபையில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சொன்னார்: வெளியிலிருந்து ஓர் ஆபத்து வந்தால் நம் வேறுபாடெல்லாம் எவ்வளவு சீக்கிரம் மறைந்துபோகும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தவனிடம் பூமி சார்பாக யார் போய்ப் பேசுவது என்பதிலேயே முதல் சண்டை வந்துவிடும்.

ஏற்கெனவே ஒரு தடவை பேசிவிட்டோம், தெரியுமா? 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும், வேற்றுக்கிரகத்தார் யாராவது எடுத்தால் கேட்கட்டும் என்று, தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. பேச ஒரு ஆள்கூட மிச்சமில்லாத ஹிட்டைட்டும் அக்காடியனும்கூட உண்டு. தமிழ் இல்லை. அம்மா மொழிப்பற்றில் கொதிக்கிறாள் என்று சிரிக்காதே (கொஞ்சம் கொதிப்பு இருக்கிறது, அதை விடு). யாரும் திட்டம் போட்டு நம்மை ஒதுக்கவில்லை. பெரும்பாலான குரல்களை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கைக்கு அகப்பட்டவர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். மைக்குக்குப் பக்கத்தில் இருந்தவர் மனித குலம் ஆகிவிட்டார்.

அதே 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி விட்டு விட்டு மங்கியதைப் பார்த்துத்தான் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூர் வானாய்வகமும் ஒன்று. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிறதே, அதேதான். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம், அப்போது எல்லாமே வட ஆற்காடு. மலைமேல் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க நம் ஆட்கள் இருந்தார்கள். பேசும்போது கூப்பிட ஆள் இல்லை.

பேசியவர்களில் ஒருவரைப் பற்றியாவது சொல்ல வேண்டும். அந்தத் தட்டில் இந்தக் கிரகத்து மக்கள் சார்பில் வாழ்த்துச் சொல்பவர் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ராணுவத்தில் அதிகாரியாக பால்கன் பகுதியில் இருந்ததை அவர் மறைத்து வைத்திருந்தது, 1986-இல் ஆஸ்திரியாவில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது அம்பலமானது. அந்த ஜனவரியில்தான் வாயேஜர் 2 யுரேனஸைத் தாண்டியிருந்தது. கூப்பிட்டுத் தட்டை மாற்றவா முடியும்? அமைதி, நட்பு என்று சொல்லிக்கொண்டே போய்க்கொண்டிருக்கிறார் மனிதர்.

படையெடுப்புக் கதைகளை நான் குறை சொல்ல மாட்டேன், ஆரம்பித்து வைத்தவர் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தார். 1898-இல் புத்தகமாக வந்த செவ்வாய்க்காரர்கள் கதையில், முதல் அத்தியாயத்திலேயே ஹெச்.ஜி. வெல்ஸ் டாஸ்மேனிய மக்களை ஐரோப்பியர் ஐம்பது வருஷத்தில் அழித்ததை இழுக்கிறார். அதையே செவ்வாய்க்காரன் நமக்குச் செய்தால் புகார் சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது என்கிறார். பின்னால் வந்த சினிமாக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய வெப்பக் கதிரை எடுத்துக்கொண்டு கேள்வியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். வருகிறவன் ஏன் எப்போதும் பலசாலியாகவே வருகிறான்? வேலூர்க்காரிக்கு இது ஒட்டவே இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் வடக்கே இருந்து வரும் ரயில் நின்றதும் இறங்குகிற குடும்பங்களைப் பார். ஒரு கையில் எக்ஸ்ரே கவர், ஒரு கையில் குழந்தை, மாநிலமே தெரியாத ஊர். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளத்தில் போர்டு, மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும், "ஹாஸ்பிட்டலா, லாட்ஜா?" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்கிற ஆட்டோக்காரர். பணம் பிடுங்குகிறவனும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு விண்கலம் நோயாளிகளோடு இறங்கினால் நம்ம ஊர்க்காரன் மிரள மாட்டான், ரூம் வேண்டுமா என்றுதான் கேட்பான்.

நோயும் பசியுமாக வருகிறவர்களைக் காட்டிய படம் நான் பார்த்ததில் ஒன்றுதான்: 2009-இல் வந்த டிஸ்ட்ரிக்ட் 9. ஜோஹன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே கப்பல் நின்றுபோகிறது, உள்ளே இருப்பவர்கள் பட்டினி. இறக்கி முகாமில் அடைக்கிறார்கள். அப்புறம் அந்த முகாமும் ஊருக்குத் தொல்லையாகிவிடுகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நம் மேல்மொணவூர் அகதி முகாம்தான் கண்ணில் நின்றது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள், நம் பாஷை பேசுகிறவர்கள். இப்போது வீடு கட்டித் தந்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளைகளில் பலருக்கும் இன்னும் குடியுரிமை இல்லை. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி விட்டபோதும் அதில் இலங்கை இல்லை. ஆகவே விண்கலம் பாலாற்றில் இறங்கினால் முதலில் போய்ப் பேசுவது விஞ்ஞானி இல்லை கண்ணு, அகதிகளைக் கண்காணிக்கிற கியூ பிராஞ்ச் போலீஸ். எத்தனை பேர், எந்த வழியாக வந்தீர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள்?

நீயும் அங்கே விசாவை நீட்டிக்க ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றாயே. உன்னிடம் முதலில் என்ன கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அம்மா