வேட்பாளர் அண்ணாச்சிகளே, ஒருநாள் எங்கள் குளத்துக்குள் இறங்கிப் பாருங்கள்

நாங்குநேரி சட்டமன்றத் தொகுதியில் போட்டியிடும் வேட்பாளர் அண்ணாச்சிகளுக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரே நாளில் மூன்று கட்சிகளின் பிரச்சார வண்டிகள் எங்கள் ஊருக்குள் வந்துபோயின. பாட்டுத்தான் வேறு வேறு. வாக்குறுதி மூன்றிலும் ஒன்றே: நாங்குநேரிக்குத் தொழிற்சாலை வரும், பிள்ளைகள் வெளியூர் போக வேண்டாம். நான் சென்னையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்ற காலத்திலேயே இதைக் கேட்டிருக்கிறேன். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஏறக்குறைய 2,500 ஏக்கரை வளைத்த காலம் அது. "நம்மூர்லயே வேல வருது, நான் வந்துருவேன்" என்று வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். நான் வந்துவிட்டேன். வேலைதான் இன்னும் வந்து சேரவில்லை. நிலத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. அதனால் அந்தப் பாட்டை இந்த முறை நிறுத்தி வைத்தால் காதுக்கு நல்லது.

பஸ் சங்கதியையும் நான் நீட்டப் போவதில்லை. திருநெல்வேலியில் நாகர்கோவில் வண்டியில் ஏறி "நாங்குநேரி" என்றால் கண்டக்டர் முகம் எப்படி மாறும் என்று தொகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராத்திரி பைபாஸில் இறக்கிவிடப்பட்டு இருட்டில் நடந்த அனுபவம் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். நீங்கள் காரில் வருகிறவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது தண்ணீரைப் பற்றி.

எனக்கு அரைக் கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது. மணிமுத்தாறு பிரதானக் கால்வாயை நாலு ரீச்சாக, அதாவது நாலு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் நாலாவது ரீச்சில், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் குளத்துப் பாசனம். 118 அடி மணிமுத்தாறு அணையை 1958-ல், காமராஜர் காலத்தில், கட்டி முடித்தார்கள். தாமிரபரணியோடு போய்க் கடலில் விழும் வெள்ளத்தைப் பிடித்து, ஆறு எட்டாத நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்களுக்குத் தர வேண்டும் என்பதுதான் நோக்கம். எங்களைப் போன்ற வானம் பார்த்த ஊர்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம். ஆனால் கால்வாய் எங்களிடம் வருவதற்குள் எத்தனை மடை, எத்தனை ஷட்டர், எத்தனை ஊர்! அணை நிறைந்தால் பிரச்சினை இல்லை. அரைகுறையாக நிற்கும் வருஷத்தில்தான் கேள்வி: முதல் இரண்டு ரீச்சுக்கு முன்னுரிமையா, மூன்றுக்கும் நாலுக்குமா? எங்களுக்கு என்று உத்தரவு வந்தாலும் தண்ணீர் வந்து சேருமா என்பது வேறு கணக்கு. ராத்திரி ஷட்டரை யார் ஏற்றினார், யார் இறக்கினார் என்று பார்க்க ஆள் கிடையாது. நாங்களே டார்ச்சோடு கால்வாய்க் கரையில் காவல் கிடந்திருக்கிறோம். மேல்மடைக்காரர்களோடு வாய்த்தகராறு வரும். அவர்களும் பொல்லாதவர்கள் இல்லை, அவர்கள் பயிரும் வாடத்தான் செய்கிறது.

உங்களில் யாரும் இதைப் பேசாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. மேல் ரீச்சிலும் உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. அங்கிருந்து இன்னும் மேலே போனால் பக்கத்துத் தொகுதி, அங்கே நிற்பவர் உங்கள் கட்சிக்காரராகவோ கூட்டணிக்காரராகவோ இருப்பார். கடைமடைக்காக வாய் திறந்தால் அங்கே ஒருவர் முகம் சுளிப்பார். தொழிற்சாலை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வராத தொழிற்சாலைக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

பெரிய கால்வாய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு, வெள்ளநீர்க் கால்வாய், 75 கிலோமீட்டர். 2009-ல் தொடங்கிய வேலை, திறப்பு விழா காண 2025 ஆகிவிட்டது. நடுவில் 2011, 2016, 2021 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்கள். ஒரே கால்வாயைக் காட்டி எல்லாரும் ஓட்டுக் கேட்டாயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிய்த்துக் கொட்டியதே, அப்போது திருநெல்வேலி ஜங்ஷன் முழுகிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு எரிந்தது. திறந்தவர்களுக்கு நன்றி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கால்வாயிலிருந்து குளத்துக்கு வரும் ஓடை தூர்ந்து கிடந்தால் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? எங்கள் குளத்துக்குள் இப்போது உடைமுள் மண்டிய உடங்காடுதான். மிச்சத் தண்ணீர் வழியும் மறுகால் பக்கம் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியவில்லை.

சட்டமன்ற உறுப்பினரால் அணையைத் திறக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு 15 கோடி. பயணிகள் நிழற்குடை கட்டி அதன் நெற்றியில் பெயர் எழுதுவதற்குப் பதிலாக, மூன்று, நாலாவது ரீச்சின் குளத்து ஓடைகளுக்கும் மடைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவேன் என்று யாராவது எழுதித் தருவீர்களா? மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எங்கள் பக்கம் வந்து நிற்பீர்களா? அங்கே நாங்கள் மனு கொடுத்துக் கொடுத்து ரசீது ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. தண்ணீர் திறப்பு உத்தரவு வரும் நாளில் எங்களுக்காக ஒரு போன் போடுவீர்களா? இவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் குளத்துக்கு இரண்டு மடைகள்தான். எல்லாத் தெருக்காரர் வயலுக்கும் அவற்றிலிருந்துதான் தண்ணீர் போக வேண்டும். ஆனால் ஓட்டுக் கேட்க வரும்போது நீங்கள் தெருத் தெருவாக, அந்தந்தத் தெரு ஆளை முன்னால் விட்டுக்கொண்டு, அந்தந்தத் தெருவுக்கு ஒரு பேச்சோடு வருகிறீர்கள். 2023 ஆகஸ்ட்டில் இதே நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையனை, கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, சாதியைக் காட்டும் கலர்க் கயிற்றைக் கையில் கட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னோம். சாதி பார்த்து வேட்பாளரை நிறுத்தும் கட்சிகளுக்கு எந்தக் கமிட்டி அறிவுரை சொல்வது? ஒரு தடவையாவது எல்லாத் தெருவையும் ஒரே இடத்தில் கூட்டிப் பேசுங்கள்.

எங்கள் ஊர் சின்னது, எத்தனை ஓட்டு வந்துவிடப் போகிறது என்று நினைத்தால், பக்கத்து ராதாபுரத்தைப் பாருங்கள். 2016-ல் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டது செல்லுமா என்று 203 தபால் ஓட்டு கோர்ட்டு வரை போனது. 2019-ல் மறுபடி எண்ணியும், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. எங்கள் மேலத்தெருவில் மட்டும் 49-க்கு மேல் ஓட்டு இருக்கிறது.

நாங்கள் தேர்தலுக்குப் புதியவர்களும் இல்லை. எங்கள் எம்.எல்.ஏ. கன்னியாகுமரி எம்.பி. ஆகிப் போனதால் 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. அமைச்சர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் திண்ணை எங்களுக்கே திரும்பி வந்தது. (வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சமாம். அதைப் பற்றி எழுதினால் இது சிரிப்புத் துணுக்காகிவிடும், விடுங்கள்.)

சரி, கேட்க வந்தது இதுதான். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் ஒருநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் குளத்துக்கு வாருங்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்தாலும் சரி, தனித்தனியாக வந்தாலும் சரி. மாலை, பொன்னாடை, வெடி எதுவும் வேண்டாம். கருப்பட்டிக் காப்பி எங்கள் பொறுப்பு. முந்தின நாளே சொல்லி அனுப்பிவிடுங்கள், ஆட்களைக் கரையில் இருக்கச் சொல்கிறேன். உள்ளே கார் வராது. கனமான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், உடைமுள் தைத்தால் லேசில் வெளியே வராது.

இப்படிக்கு,
நாலாவது ரீச் கடைமடையிலிருந்து ஒரு வாக்காளர்