மோர் டம்ளரின் அடியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு தாய் எழுதியிருந்தார். மகனுக்கு வயது 24. மேல்வீட்டுக்காரர்கள் ராத்திரியெல்லாம் தன்னைத் திட்டுவதாகச் சொல்கிறானாம். மேல்வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுத்தால் தட்டிவிடுகிறான், ரசத்தில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். மனச்சிதைவு நோயாக இருக்கலாம், நேரில் அழைத்து வாருங்கள், மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் பதில் எழுதியிருந்தார். எல்லாமே சரி. ஆனால் அந்த அம்மா கேட்டது ரசத்தைப் பற்றி. அதற்குப் பதில் வரவே இல்லை.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில் 19 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கலக்கக் கூடாது என்று நான் சொல்லலாம். ஏனென்றால் நான் கலந்திருக்கிறேன்.

வார்டுக்கு வந்த முதல் வருடம். லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், முப்பது வயது இருக்கும். பங்காளிகள் விஷம் வைக்கிறார்கள் என்பது அவருடைய பயம். மாத்திரை வாங்கவே மாட்டார். சீனியர் ஒருவர் யோசனை சொல்ல, இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, பாட்டிலால் நசுக்கி, மோரில் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். முக்கால் டம்ளர் குடித்தவர் நிறுத்தினார். ஜன்னல் பக்கம் போய் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாகக் குருணை. சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னது சரிதானே சிஸ்டர்?" என்றார்.

அவர் மனதில் இருந்த சந்தேகத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். சாட்சியை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு வார்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் மட்டும் குடித்தார். மூன்றாம் நாள், ஓடு உரிக்காத அவித்த முட்டை இரண்டும் தோல் உரிக்காத வாழைப்பழம் இரண்டும் கொண்டுபோனேன். "எது வேணுமோ எடுத்துக்கங்க, மிச்சம் எனக்கு" என்று சொல்லி, எதிரே உட்கார்ந்து என் பங்கை உரித்துச் சாப்பிட்டேன். அன்றைக்குப் பழத்தை மட்டும் எடுத்தார். அடுத்த நாள் முட்டையும். ஒரு வாரம் இப்படி ஓடியது. பிறகு மாத்திரை அட்டையையே அவர் கையில் கொடுத்து, பெயரைப் படிக்கச் சொல்லி, அவரையே பிரித்து எடுக்கவிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார். முன்பு வேறு எங்கோ போட்ட ஊசியில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, நாக்கு இழுத்து, கண் மேலே செருகிக்கொண்டதாம். கொல்லப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்தது அதனால்தான். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளில் சிலருக்கு இப்படி வரும். மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே தெளியும். ஊசி போட்டவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு தூரம் பயந்திருக்க மாட்டார். மாத்திரை ஏன் வேண்டாம் என்று அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. நானும் கேட்காமல்தான் நசுக்கினேன்.

இனி மேல்வீட்டுக்காரர் விஷயம். "யாரும் திட்டலடா, எல்லாம் உன் பிரமை" என்று சொன்னால், அம்மாவும் அவர்கள் கட்சி என்று பையன் முடிவு கட்டிவிடுவான். "இரு, நான் போய் ரெண்டு கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினால் சந்தேகம் இறுகிவிடும். எங்களுக்குச் சொல்லித் தந்ததும், பிற்பாடு நான் கைகண்டதும் இதுதான்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. தூங்க விடாம திட்டினா யாருக்குத்தான் பயமா இருக்காது?" இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை, வாதமும் இல்லை. அடுத்து ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். "அது உன்னை ஏதாவது செய்யச் சொல்லுதா?" கேட்டால் நாமே நினைப்பூட்டியது போல ஆகிவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. செத்துப்போ என்றோ, யாரையாவது அடி என்றோ குரல் சொல்வதாகச் சொன்னால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இல்லையென்றால் அந்தக் கதையையே தினமும் கிண்ட வேண்டியதில்லை. கடலை உரிக்கச் சொல்லலாம். சிலருக்கு மெல்ல ராகம் இழுத்தாலோ, சத்தமாக எதையாவது படித்தாலோ குரல் அடங்குகிறது. எங்கள் வார்டில் ஒருவர் பத்திரிகையின் காய்கறி விலை நிலவரத்தைத் தலைப்பிலிருந்து கடைசி வரை உரக்கப் படிப்பார். சின்ன வெங்காயம் ஏறினால் வார்டே அறியும்.

பேச்சும் நேராக இருக்க வேண்டும். புதிதாக வந்த பயிற்சி மாணவி ஒருத்தி பிரியாணி போட்ட அன்று ஒரு நோயாளியிடம், "அண்ணே, இன்னைக்கு ஒரு கை பாருங்க" என்றாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது இந்த நோயில் சிலருக்கு உண்டு. ஜாடை, குத்தல், கிண்டல் எல்லாம் அங்கே ஆகாது. முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பது அதைவிட மோசம்.

பேசாமல் இருப்பதும் எங்கள் வேலைதான். பேச்சையே நிறுத்திவிட்ட ஒரு பெண்ணிடம் தினமும் நாலரை மணிக்குப் போய், "பத்து நிமிஷம் உக்காந்திருப்பேன், பேசணும்னு இல்ல" என்று சொல்லி உட்காருவேன். பத்து நிமிடம் ஆனதும், "நாளைக்கு வரேன்" என்று எழுந்துவிடுவேன். சொன்னபடி மறுநாள் போவேன். பதினோராம் நாள், "சிஸ்டர், உங்க பின்னல் அவுந்திருக்கு" என்றாள்.

இதையெல்லாம் எழுத எங்கள் ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது. நாடித் துடிப்புக்கு உண்டு, ஊசிக்கு உண்டு. இரவுப் பணியில் 40 கட்டிலுக்கு நான் ஒருத்தி. அந்தப் பத்து நிமிடத்தைத் திருடித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நாடே மறந்திருக்காது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். சங்கிலி போடாமல் ஒருவரைச் சமாதானப்படுத்த ஆள் வேண்டுமே, அந்தப் பணியிடத்தை யார் நிரப்புவது?

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளில், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று கண்டார்கள். அளவுக்கு மீறிக் கரிசனம் காட்டும் வீட்டிலும் அப்படியே. முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டிவிடும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

அந்த அம்மாவுக்கு: ரசத்தில் கலக்க வேண்டாம். மாத்திரை போட்டால் என்ன செய்கிறது என்று மகனிடமே கேளுங்கள். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் விழுங்குவதுதான் தொல்லை என்றால், மகனின் சம்மதத்தோடு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆசிரியர் அவர்கள் அந்த எண்ணைக் கேள்வி பதில் பகுதியின் கீழே வாராவாரம் போட்டால் நல்லது.

என் பெயரை வெளியிட வேண்டாம். வார்டிலிருந்து வீடு திரும்பியவர்கள் சிலர் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கடைத்தெருவில் பார்த்தால், யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார்கள். நானும் அப்படியே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி