திருகோணமலையிலிருந்து ஆமைக்கு

அன்பின் ஆமைக்கு,

பதினொரு மாதம். நீ எண்ணிக்கொண்டிருந்திருப்பாய், நானும் எண்ணினேன். நீ கடைசியாக அனுப்பிய செய்தி, "உயிரோடு இருக்கிறாயா, அல்லது பத்திரிகையில் படம் போடவா?" என்பது. போடாதே, காசை மிச்சம் பிடி. தொலைபேசியில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கு வெட்கம் வந்து பேச்சை மாற்றிவிடுவேன். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். அக்கா வெள்ளவத்தையில் முழங்கால் வலியோடும் என் மேல் கோபத்தோடும் இருக்கிறாள். நம் நண்பன் தவில் போன மாதம் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் நின்றான். புறாத்தீவுக்குப் போனான், கோணேசர் கோயிலுக்குப் போனான், கோட்டைக்குள் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுத்தான், என் வீட்டுக் கணவாய்க் கறியில் முக்கால்வாசியைத் தனியே முடித்தான். அவனுக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் ஐந்து நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம்.

சிரித்துவிட்டாயா? சரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசி. 1994இல் விடுதி மொட்டை மாடியில் நீ என்ன சபதம் செய்தாய் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று மாதப் பதில் கடமை என்றுதான் 2022 மாசியில் என்னை இங்கே அனுப்பினார்கள். நிலாவெளி தாண்டி, புல்மோட்டை வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம். ஒரு வெளிநோயாளர் பிரிவு, சில கட்டில்கள், ஒரு வேப்பமரம், வேப்பமரத்தின் கீழே எப்போதும் ஒரு நாய். வெறும் மூன்று மாதம்தானே என்று பையைக்கூட நான் அவிழ்க்கவில்லை. என் பையைப் பற்றி உனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தில் அந்த இரவு நீ என்னை இழுத்துக்கொண்டு நடந்தாயே, அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் கட்டிலுக்குக் கீழே ஒரு பை கட்டியபடியே இருக்கும். சான்றிதழ்கள், இரண்டு சேர்ட், ஒரு சாரம். யார் சொன்னாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வந்து சில வாரம்தான் இருக்கும். பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்தப் பங்குனிக் கடைசி. காலை ஒன்பது மணிக்கு ஒரு மனிதரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரின் பெரிய கரைவலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். வலையின் மடியைக் கரையில் அவிழ்க்கும்போது மீனுக்குள் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். முள் கணுக்காலுக்குச் சற்றுக் கீழே ஏறியிருந்தது. ஐம்பது வயது தாண்டிய, கை இரண்டும் கயிறு இழுத்துக் காய்த்துப்போன மனிதர் குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தார். அவருடைய தங்கை ஒரு கையில் அலுமினியச் சட்டியும் மறு கையில் பிளாஸ்குமாகப் பின்னால் வந்தாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவருடைய காலைச் சட்டியில் வைத்துச் சுடுதண்ணீரை ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புது இடத்து அதிகாரம் வேறு. "இந்தக் கைவைத்தியத்தை எல்லாம் முதலில் வெளியே எடுங்கள்" என்றேன்.

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எடுக்கிறேன் டொக்டர். நோவுக்கு நீங்கள் என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் எடுக்கிறேன்."

அந்த வருடம் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். விறைப்பு மருந்து அலமாரியில் இரண்டே குப்பி. அதற்குக் கை நீட்டும்போதுதான், ஆமை, நாம் விடிய விடிய விழுந்து படித்த பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. திருக்கை விஷம் புரதம், சூட்டில் சிதையும், 45 பாகைக்கு மேற்படாமல் தாங்கக்கூடிய சூட்டில் காலை வைத்திரு, முப்பது நிமிடத்திலிருந்து தொண்ணூறு நிமிடம் வரை. பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், புள்ளியும் வாங்கியிருக்கிறேன். லண்டனில் இருக்கிற உனக்குத் திருக்கை முள் எதற்கு? எனக்குத்தான் அது தேவைப்பட்டது, எனக்குத்தான் அது மறந்துபோயிருந்தது.

பேசாமல் பக்கத்தில் குந்தினேன். அவள் ஒவ்வொரு தரமும் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் தன் முழங்கையைச் சட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். "அவரிடமே கேட்கலாமே, சூடு போதுமா என்று" என்றேன். "நோவில் இருக்கிற காலுக்குச் சூடு தெரியாது. அவர் இன்னும் ஊற்று என்றுதான் சொல்லுவார், தோல் வெந்துவிடும்" என்றாள். புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. அந்த வரியை நான் பரீட்சைக்குக்கூடப் படிக்கவில்லை. இருபது நிமிடத்தில் அழுகை நின்றது. பிறகு கைத்தொலைபேசி வெளிச்சத்தில் காயத்தைக் கழுவி, உடைந்து கிடந்த முள் துண்டை எடுத்து, ஏற்பு ஊசி போட்டு அனுப்பினேன். போகும்போது சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கைவைத்தியத்தை வெளியே எடுத்துவிட்டேன் டொக்டர்" என்றாள்.

அன்றே விழுந்துவிட்டேன் என்று நீ நினைப்பாய். இல்லை. அன்று எனக்கு அவமானம்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆவணியில்தான் ஆரம்பம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனது. பைபர் படகுகள் எல்லாம் கரையில் ஏறிவிட்டன. துடுப்பு வலித்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று கையால் இழுக்கிற கரைவலைக்கு மட்டும்தான் எண்ணெய் தேவையில்லை. ஊரில் பாதிப் பேர் மீண்டும் கயிற்றுக்கு வந்தார்கள். எனக்குப் பெற்றோல் இல்லை, திருகோணமலைக்குப் போக வழியில்லை, காலையில் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு செய்வதற்கு வேலையும் இல்லை. ஒரு நாள் நானும் போய்க் கயிற்றின் வாலில் பிடித்தேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முன்னுக்கு நின்ற கிழவர் அம்பா பாடினார், நாங்கள் மற்றவர்கள் ஏலேலோ போட்டுப் பின்னுக்கு நடந்தோம். ஒன்றரை மணி நேரம். மடி கரையேறியபோது என் உள்ளங்கையில் தோல் இல்லை. அள்ளிக் கொட்டியது முக்கால்வாசி கீரியும் சூடையும். அந்த வெள்ளி மினுக்கத்தை நான் இங்கே எழுதிக் காட்ட முடியாது, நீயே வந்து பார்.

பங்கு பிரிக்கும்போது மணலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் கொப்பியை வைத்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய வலைக்குக் கணக்குப் பார்ப்பது அவள்தான். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கடைசியில், "டொக்டர், அரைப் பங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காசு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் வாயில் வந்தது வேறு: "ஏன் அரை?"

"அரை ஆள்தானே இழுத்தீர்கள்."

அப்போதுதான், ஆமை. அப்போதேதான். ஐம்பது வயதுக்கு ஒரு கிழமை குறைய, கையில் தோல் உரிந்து, ஒரு பையில் ஆறு சூடை மீனோடு. இன்றைக்கும் எனக்கு அரைப் பங்குதான். கணக்கில் அவள் உறவு பார்க்கமாட்டாள்.

அவளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கணவர் 2004 மார்கழி 26இல் போனவர். போயா தினம், ஞாயிற்றுக்கிழமை, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். உடல் கிடைக்கவில்லை. அப்போது மகளுக்கு ஆறு மாதம். அந்தக் குழந்தையையும் மாமியாரையும் இழுத்துக்கொண்டு அவள் தென்னந்தோப்புக்குள் ஓடியிருக்கிறாள். மாமியார் இன்னும் அவளோடுதான் இருக்கிறார். என்னுடைய பிரஷர் கிளினிக்கில் மிகவும் மூத்த நோயாளி. கருவாட்டைக் குறையுங்கள் என்று நான் சொல்லாத மாதம் இல்லை, அவர் கேட்ட மாதமும் இல்லை. (கருவாடு காயப்போடுகிற வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போகிறேன். சிரி.)

முதலில் அந்தக் கிழவியிடம்தான் கேட்டேன். அவளிடம் கேட்பதற்கும் முன்னால். அது சரியா என்று தெரியவில்லை, ஆனால் வேறு மாதிரிச் செய்ய எனக்கு வரவில்லை. கிழவி வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று, கண்ணைத் திறக்க முடியாத மணல். பிறகு கேட்டார்: "என் மகனுடைய படத்தைச் சுவரிலிருந்து எடுப்பீர்களா?"

"இல்லை அம்மா."

"அப்படியென்றால் சரி. அதற்குப் பக்கத்தில் உங்கள் படத்தை அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள்."

மகளிடம் இன்னும் கஷ்டம். கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறாள், இருபத்தொரு வயது. என்னை இருத்திவைத்து, போன மாத இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னாள். சீனி, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்தாள். "இரண்டாம் தரமும் அம்மா தனியே நிற்கக்கூடாது" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன பகிடி விடுவது? அறிக்கையை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு "டொக்டர்" என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அக்காவின் கதை உனக்குச் சொல்லாமலே விளங்கும். "விதவையா?" என்று அவள் கேட்கவில்லை. "பிள்ளை இருக்கிறதா?" என்றும் கேட்கவில்லை. "யாருடைய ஆட்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான். அதற்கு அடியில் இருக்கிற கேள்வி உனக்கும் எனக்கும் பழக்கமானது. தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரிப் பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்தபோது பக்கத்துப் பாயில் படுத்தவர்கள் யாருடைய ஆட்கள் என்று அவள் விசாரித்தாளா? கேட்டுவிட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டாள். நீ பேசினால் கேட்பாள், உன் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு பட்சபாதம். பேசு.

ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. வேறொன்று என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

மூன்று வருடம் இங்கே என் பெயர் "டொக்டர் ஐயா". கல்யாணப் பேச்சு வெளியே வந்த கிழமையிலிருந்து சம்மாட்டி என்னை "மச்சான்" என்கிறார். கயிற்றுக்காரர்களில் பாதிப்பேருக்கு மச்சான், மீதிப்பேருக்கு அத்தான். தெருவில் போனால் பிள்ளைகள் மாமா என்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்தில் ஓர் ஊர் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. இலக்கத் துண்டு எடுக்காமல் நேரே அறைக்குள் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதுகூடப் பெரிதில்லை, சத்தம் போட்டுச் சரிப்படுத்தலாம்.

ஒரு பெண் இருக்கிறாள். கையில் கண்டல் காயத்தோடு மூன்று தரம் வந்து, மூன்று தரமும் கதவு இடித்தது என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. நாலாம் தரம் தானாகவே, "ஐயா, கதவு இல்லை" என்று சொன்னாள். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக் கொப்பியோடு வந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போவாள். அவளுடைய கணவன் என் வருங்கால மச்சானின் வலையில் இழுப்பவன். போன செவ்வாய்க்கிழமை வந்தாள். நெற்றியில் காயம். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கதவு இடித்துவிட்டது, அண்ணா."

நான் தைத்து முடித்தேன். நான்கு தையல். அவள் எழுந்து போனாள். ஆமை, "ஐயா" என்று கூப்பிட்டவரையில் அவளுக்கு நான் யாரோ. யாரோ ஒருவனிடம்தான் சொல்ல முடிந்தது. அண்ணன் ஆனதும் நான் அவளுடைய கணவனின் பக்கத்து ஆள் ஆகிவிட்டேன், அல்லது அவள் மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஆகிவிட்டேன். இரண்டில் எது என்றாலும் வாய் திறக்க முடியாது.

வீட்டில் இதைச் சொல்லக்கூடாது என்பதால் பெயர் சொல்லாமல், பொதுவாகத்தான் அவளிடம் கேட்டேன். என் மனைவியாகப் போகிறவள் கெட்டிக்காரி, உடனே விளங்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில் கேட்டதை வீட்டில் நான் கேட்கமாட்டேன். ஆனால் கேட்கமாட்டேன் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதற்கு எனக்குப் பதில் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வீடு போகிறவர், இந்த ஊர்க்காரியும் இல்லை. அந்தப் பெண்ணை அவர் போய்ப் பார்க்க ஒழுங்கு செய்திருக்கிறேன். அது இப்போதைக்குத்தான்.

வருட இறுதி இடமாற்றத்துக்கு விண்ணப்பப் படிவம் மேசையில் கிடக்கிறது. இங்கே குடியிருந்துகொண்டு, இருபது முப்பது கிலோமீற்றர் தள்ளி வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம். அங்கே ஐயா, இங்கே மச்சான். ஆனால் அடுத்து வருகிற பையன் திருக்கை முள்ளுக்குச் சட்டியை வெளியே எடுக்கச் சொல்லுவானே என்றும் இருக்கிறது. நீ உன் மனைவி ஊரில்தானே ஆரம்பத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாய்? மாமனாரின் ஆட்கள் உன்னிடம் உண்மை சொன்னார்களா? பகிடியை விட்டுவிட்டு எனக்கு எழுது. படிவத்தைப் புரட்டாதி முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

பையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் கட்டிலுக்குக் கீழிருந்து சத்தம் கேட்டு இழுத்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பூனை என் சாரத்தின் மேல் நான்கு குட்டி போட்டிருந்தது. சான்றிதழ்களில் ஒன்று இனி எந்த நாட்டுக்கும் செல்லாது.

ஆவணி 20ஆம் தேதிக்குப் பிறகு எந்த நாள் என்று சாத்திரியார் சொன்னதும் அறிவிக்கிறேன். வாடை தொடங்குவதற்கு முன் வா. கொழும்பிலிருந்து இரவு ரயில் பிடி, விடியத் திருமலை, மிச்சத்துக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன். பதிவுக்குச் சாட்சியாக நீதான் கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாரையும் கேட்கவில்லை. வரும்போது ஒரு நல்ல பிரஷர் பார்க்கிற கருவி கொண்டு வா. கிழவிக்கு என் கருவியில் நம்பிக்கை இல்லை.

அந்தச் சபதத்து மீசையை லண்டனிலேயே எடுத்துவிட்டு வராதே. தவிலுக்கும் ரயில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. இங்கே கரையில், அவன் பார்க்கும்படி, சம்மாட்டியின் சவரக் கத்தியால்.

உன்,
கொக்கு