மில்லிமீட்டர் என்று விற்ற அங்குல டெம்ப்ளேட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்கான டெம்ப்ளேட் (புது வரைபடம் தொடங்கும் மாதிரிக் கோப்பு), லேயர் (வரைபட அடுக்கு) தொகுப்பில் உள்ள குறைகள்

ஐயா,

கட்டட வரைபடங்களுக்கென்று தாங்கள் விற்ற தொகுப்பைப் பற்றி எத்தனை மெயில் அனுப்பினாலும் “டிக்கெட் முடிக்கப்பட்டது” என்றே பதில் வருகிறது. ஆகவே இதை மேலாளருக்கே எழுதுகிறேன்.

உங்கள் டெம்ப்ளேட் மில்லிமீட்டரில் இல்லை. அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் அமைப்பு 1, அதாவது அங்குலம். கோட்டு வகைகள் எந்த அளவு முறையில் என்று சொல்லும் மெஷர்மென்ட் 0, அதுவும் அங்குல முறை. மில்லிமீட்டருக்கு முறையே 4, 1 இருக்க வேண்டும். இதனால் 900 மி.மீ. கதவு பிளாக்கை (ஆயத்தமாக வரைந்து வைத்த படத்தை) உள்ளே கொண்டுவந்தால் 25.4-ஆல் வகுபட்டு 35.43 ஆகச் சுருங்கி, புள்ளிபோல் கிடக்கிறது. மறைந்த விளிம்பைக் காட்டும் ஹிட்டன் என்ற விட்டுவிட்டு வரும் கோடு 6.35 நீளத்துக்குப் பதில் 0.25-இல் வெட்டுகிறது, திரையிலும் தாளிலும் அது முழுக்கோடுதான். எல்லாக் கோட்டு வகைகளின் அளவையும் பெருக்கும் எல்டிஸ்கேலை 25.4 ஆக்கச் சொன்னார் ஒருவர். ஆக்கினால் இன்ஜினியரின் கோப்பிலிருந்து ஒட்டிய சரியான கோடுகள் கெடுகின்றன.

தூண் வரிசைகளைக் குறிக்கும் கிரிட் எண்களை டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் வைத்தது யார்? அந்த லேயர் திரையில் தெரியும், பிரின்டில் வராது. தாளில் வரைபடத்தைக் காட்டும் சன்னலான வியூபோர்ட்டின் சட்டத்தை அதில் வைப்பார்கள், சரி. தூண் எண்ணையுமா? இதைக் கேட்டதற்கு உங்கள் தொலைபேசி ஊழியர், “பிரின்டர்ல இங்க் இருக்கான்னு பாருங்க சார், ஆட்டோகேட் தெரியாதவங்க இதையெல்லாம் ஏன் வாங்குறீங்க?” என்றார். அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். அவரைக் கேட்டுப் பாருங்கள், டெஃப்பாயின்ட்ஸ் என்றால் என்னவென்று!

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் வரச் சொன்னீர்கள். வந்தால், டெம்ப்ளேட் செய்தவர் லீவாம். அதை வரும் முன்பே சொல்லியிருக்கலாமே!

பேனா தடிமனைச் சொல்ல மறந்தேன். டெம்ப்ளேட் எஸ்.டி.பி. முறையில் (அச்சுத் தடிமனைப் பெயரிட்ட பாணிகளால் குறிப்பது) இருப்பதால், ஆலோசகர்கள் தரும் சி.டி.பி. கோப்பு (தடிமனை நிறத்தால் குறிப்பது) பேஜ் செட்டப் பட்டியலிலேயே வருவதில்லை. சுவரும் பரிமாணக் கோடும் ஒரே தடிமனில் அச்சாகின்றன. கன்வெர்ட்பிஸ்டைல்ஸ் என்ற கட்டளை கொடுத்து மாற்றலாம். ஆனால் அதை ஒவ்வொரு கோப்பிலும் நாங்களா செய்வது? பிளாக்குகளின் உள்ளே நிறம் பைலேயர் (லேயரின் நிறத்தையே எடுப்பது) இல்லை, கோடுகள் லேயர் 0-இலும் இல்லை. செட்பைலேயர் கட்டளை நிறத்தைத் திருத்தும், லேயரைத் திருத்தாது. ஒவ்வொரு பிளாக்கையும் பிஎடிட் என்ற பிளாக் திருத்தியில் திறந்தாக வேண்டும்.

“திருத்திய டெம்ப்ளேட் அனுப்புகிறோம்” என்பது மட்டும் போதாது. அது புதுக் கோப்புகளுக்குத்தான் உதவும். ஏற்கெனவே தொடங்கிய வரைபடங்கள் பழைய குறையோடேயே இருக்கும். இந்தத் தொகுப்பால் எங்கள் அலுவலகத்தின் பெயரே கெட்டது. இனி எந்த பில்டரும் எங்கள் படியேற மாட்டார்.

எனவே தயவுசெய்து, ஆட்டோகேடின் மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டான அக்காடிஸோவை அடிப்படையாக வைத்துச் செய்த சி.டி.பி. டெம்ப்ளேட், சுத்தமான பிளாக்குகள், பழைய லேயர்களைப் புதியவற்றுக்கு மாற்ற லேடிரான்ஸ் கட்டளையில் ஏற்றக்கூடிய டி.டபிள்யூ.எஸ். என்ற தரநிலைக் கோப்பு ஆகியவற்றை 7 நாட்களுக்குள் அனுப்புங்கள். இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ‘ஏ1’ என்று பெயரிட்ட லேஅவுட்டின் (அச்சுப் பக்க அமைப்பின்) தாள் அளவு 36×24 அங்குலம். ஏ1 என்பது 841×594 மி.மீ. தலைப்புக் கட்டத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டு அச்சாவதற்கு அதுதான் காரணம்; அதற்கும் இங்க்கைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.