ஆய்வு நிதித் தவணை தாமதமானால் ஆய்வாளர் என்ன செய்வார்?

ஐயா,
டெல்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் சம்பளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு மத்திய அரசுத் திட்டங்களில் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது மாதாமாதம் கைக்கு வருமா என்பதுதான் கேள்வி.

நிதி தவணையாகத்தான் வரும். அடுத்த தவணை வர, முந்தைய தவணை எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், 12-ஏ படிவத்தில், நிதி அலுவலர் கையெழுத்துடன் போக வேண்டும். வாங்கிய ரசாயனப் புட்டி ஒன்று இருப்புப் பதிவேட்டில் ஏறாவிட்டாலே சான்றிதழ் நின்றுவிடும்; தவணையும் சம்பளமும் தாமதமாகும். நடவு வயலில் மாதிரி எடுக்கும் களப்பணியாளருக்குக் கூலி கொடுக்கவும் பணம் இருக்காது; சம்பா பருவமோ காத்திருக்காது.

ஆகவே ஒவ்வொரு துறைக்கும் திட்டக் கணக்கு தெரிந்த அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். பணி அறிவிப்பிலேயே திட்டம் முடியும் தேதியையும், வீட்டு வாடகைப்படி உண்டா என்பதையும் அச்சிட வேண்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி